காணொளிக் கலைஞரும் காணாத எஜமானரும்

(நாகர்கோவிலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், யூடியூப் முதலிய தளங்களில் காணொளி வெளியிட்டு அதனால் ஜீவனம் நடத்துகிற, அல்லது நடத்தலாம் என்று நம்புகிற, நம் ஊர் மக்களைப் பற்றியது. அந்தத் தளங்களின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அவற்றை இயக்கும் யந்திரங்களும் மாறுகின்றன. ஒவ்வொரு மாறுதலும் எங்கோ ஒரு வீட்டின் அடுப்பைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. அந்த விதிகளை எழுதுகிறவர் யார்? யாரைக் கேட்டு எழுதுகிறார்? எழுதியது அநியாயம் என்று தோன்றினால் நாம் எந்த வாசலில் போய் நிற்பது? இந்தக் கேள்விகளை நாஞ்சில் நாட்டு மண்ணிலிருந்து, நமக்குத் தெரிந்த கலைகளையும் தொழில்களையும் முன்னிறுத்திக் கேட்க விரும்புகிறேன்.

நமக்கே உரிய வில்லுப்பாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ முத்தாரம்மனுக்கோ கொடை விழா நடக்கிற ஊரில், பந்தலிலே வில்லைக் குடத்தோடு சேர்த்துக் கட்டி, உடுக்கும் தாளமும் கட்டையும் பக்கத்தில் ஒலிக்க, வீசுகோலைக் கையில் எடுத்துப் புலவர் பாடத் தொடங்கினாரானால், கதை இரவெல்லாம் நடக்கும். எந்த நேரத்தில் சாமியின் பிறப்பைப் பாடுவது, எந்த நேரத்தில் வரத்துப் பாடுவது, தீபாராதனை எப்போது, சாமியாடி எழுந்திருப்பது எப்போது என்பதையெல்லாம் கோயிலும் ஊரும் புலவரும் சேர்ந்தே நிர்ணயித்தார்கள். பாட்டு நீண்டுபோனால் ஊர்ப் பெரியவர் பக்கத்தில் வந்து காதோடு சொல்வார். சன்மானம் குறைந்துபோனால் புலவர் அவரை முகத்துக்கு நேரே கேட்பார். சண்டை வந்ததும் உண்டு. ஆனால் சண்டை போடுவதற்கு எதிரே ஒரு மனிதர் இருந்தார். 2018இல் மறைந்த பூங்கனி அம்மாளைப் போன்றவர்கள் பாடி வாழ்ந்த உலகம் அது. அந்த உலகத்தில் வறுமை இருந்தது. கலைஞருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை பல சமயங்களில் கிடைக்காமலும் போயிற்று. அதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. விதி செய்கிறவரும் விதிக்கு உட்பட்டவரும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சாதனம் மாறும்போதெல்லாம் கலையின் அளவும் மாறியிருக்கிறது. இசைத்தட்டு வந்த காலத்தில், அதன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலேதான் பதியும் என்பதால், நாடக மேடையில் அரை மணி நேரம் விஸ்தாரமாகப் பாடியவரும் மூன்று நிமிஷத்தில் பாடி முடிக்கக் கற்றுக்கொண்டார். ஒலிநாடா வந்தது, அரை மணிக்கு ஒரு முறை அதைத் திருப்பிப் போட வேண்டியிருந்ததால், கதையும் அரை மணிக்கு ஒரு முறை மூச்சு விட்டது. 1984இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் இந்த நாகர்கோவிலிலேதான் தொடங்கப்பட்டது என்பதை நம் பிள்ளைகள் பெருமையோடு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் நிகழ்ச்சிக்குக் கால அளவு உண்டு, குரல் தேர்வு உண்டு, விதி உண்டு. ஆயினும் அந்த நிலையத்துக்கு ஒரு வாசல் இருந்தது. மனக்குறை உள்ளவர் பஸ் ஏறிப் போய் அதிகாரியைப் பார்த்துக் கேட்டுவிட்டு வரலாம்.

இந்த இடத்தில் நம் கலைவாணரை நினைக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவராக இருந்து, வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் தேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் அவர்கள், தமிழின் முதல் பேசும் படமாகிய காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்து நாடக உலகத்தின் அஸ்திவாரத்தையே அசைத்த காலத்தில் இளைஞராக இருந்தார். எத்தனை நாடகக் கம்பெனிகள் அந்த அலையில் கலைந்து போயின! எத்தனை நல்ல நடிகர்கள் ஜீவனத்துக்கு வழியின்றித் திகைத்தார்கள்! அவரோ 1936இல் வந்த சதிலீலாவதியில் தொடங்கிப் படவுலகில் நிலைத்தார். நிலைத்ததன் காரணம் என்ன? திறமை ஒரு காரணம். திறமையுள்ளவர் பலர் இருந்தார்கள். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே உருவாக்கி, தமக்கென்று ஒரு குழுவை உடன் வைத்துக்கொண்டு, தம் பெயரில் நாடக சபையும் நடத்தி, புதிய சாதனத்துக்குள் நுழைந்த பிறகும் தம் வேலையின் கடிவாளத்தைத் தம் கையிலேயே வைத்திருந்தார் என்பதே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய கதைக்கு வருவோம்.

யூடியூபில் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று ஏறியது. அதன் நீளம் பத்தொன்பது விநாடி. மறு ஆண்டே கூகுள் நிறுவனம் அந்தத் தளத்தை 165 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. அந்நாளில் சாதாரண மனிதர் ஒருவர் ஏற்றும் காணொளி பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 2010இல் அது பதினைந்து நிமிஷமாயிற்று. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. ஒரு கொடையின் முழு வில்லுப்பாட்டைப் பத்துப் பத்து நிமிஷமாக நறுக்க வேண்டுமானால் எத்தனை துண்டு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

பிறகு 2012இல் ஒரு பெரிய மாறுதல் வந்தது. எத்தனை பேர் காணொளியைத் திறந்தார்கள் என்பதைக் காட்டிலும், எவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதற்கே அன்று முதல் யந்திரம் அதிக மதிப்புக் கொடுக்கத் தொடங்கியது. இது நம் நீண்ட கலைகளுக்கு அனுகூலமான மாறுதல். ஏன் என்கிறீர்களா? இன்று ஒரு சேனல் விளம்பர வருமானத்தில் பங்கு பெற வேண்டுமானால், ஆயிரம் சப்ஸ்கிரைபர்களும், கடந்த 12 மாதங்களில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஆறு மணி நேர வில்லுப்பாட்டு ஒன்றை 670 பேர் முழுதும் கேட்டுவிட்டால் 4000 மணி நேரம் நிறைந்துவிடும். துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள், சொந்த ஊர்க் கொடைக்கு வர முடியாத ஏக்கத்தில், இரவு முழுதும் கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடியவர்கள் அல்லவா? அந்த ஏக்கத்துக்கு அந்த விதி ஒரு கணக்கைத் திறந்து வைத்தது.

ஆனால் அந்த 4000 மணி நேரம் எப்படி வந்தது என்ற சரித்திரம் கொஞ்சம் வேதனையானது. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தீவிரவாதப் பிரசாரக் காணொளிகளின் பக்கத்தில் தங்கள் விளம்பரம் வந்துவிட்டதைக் கண்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய நிறுவனங்கள் விளம்பரங்களை நிறுத்தின. அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தைத் தணிக்க, பத்தாயிரம் பார்வைகள் பெறாத சேனலுக்கு விளம்பரம் கிடையாது என்று ஏப்ரலில் ஒரு விதி வந்தது. அது போதாதென்று 2018 ஜனவரி 16 அன்று இந்த ஆயிரம், நாலாயிரம் என்ற விதி அறிவிக்கப்பட்டு, பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மாதம் சிறு தொகையாவது பெற்றுவந்த எண்ணற்ற சிறு சேனல்கள் ஒரே நாளில் வெளியே நின்றன. லண்டனில் ஒரு விளம்பர நிறுவனம் பயந்தது. குளச்சலில் சமையல் காணொளி போடுகிற ஒரு தாயாரின் வருமானம் நின்றது என்று சொன்னால், அதில் மிகை இல்லை. அந்தத் தாயார் செய்த குற்றம் என்ன? தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்ததைத் தவிர அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

நிற்க. இனிப் பந்தலை விட்டுக் கடலுக்குப் போவோம்.

நம் மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், அறுபத்தொரு நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்த இரண்டு தடைகளும் நடக்கிற மாவட்டம் நம்முடையது. கிழக்குக் கரையின் சின்னமுட்டத்துப் படகு கரையில் நிற்கிற வேளையில் மேற்குக் கரையின் குளச்சல் படகு கடலில் இருக்கும், அது திரும்பிக் கரையேறிய பிறகு இது புறப்படும். தூத்தூர் வட்டாரத்து வீரர்களோ சுறா வேட்டைக்குப் பேர் பெற்றவர்கள். ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் அலைமேலேயே வாசம். அப்படிப்பட்ட ஓர் இளைஞர், படகில் சோறு பொங்குவதையும் தூண்டில் போடுவதையும் விடியற்காலைக் கடலையும் கைப்பேசியில் பிடித்து, துறைமுகம் வந்து சிக்னல் கிடைத்தபின் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய ஆண்டு கடலின் ஆண்டு. அதில் தடைக்காலம் உண்டு, ஆனி ஆடிச் சீற்றம் உண்டு, படகு பழுதாகும் நாள் உண்டு. தளத்தின் ஆண்டோ இடைவெளியே இல்லாத ஆண்டு. பன்னிரண்டு மாதக் கணக்கு நாள்தோறும் நகர்ந்துகொண்டே போகிறது. சென்ற ஆண்டு நன்றாக ஓடிய காணொளியின் மணி நேரம் இன்று கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஒன்றும் வெளியிடாமல் சும்மா இருந்த சேனலின் வருமான உரிமையை நிறுத்தவும் விதியில் இடம் இருக்கிறது. கடல் இனத்தைப் பெருக்குவதற்காக அரசாங்கம் வலையைச் சுருட்டச் சொல்கிறது. அந்த ஓய்வின் நியாயம் மீனவருக்குத் தெரியும். ஆனால் காணொளிக்கு ஓய்வு காலம் என்ற ஒன்றை எந்த யந்திரமாவது அறியுமா? தடைக்காலத்து வருமானத்துக்காகத்தான் பலர் காணொளியே தொடங்குகிறார்கள். அந்தக் காலத்தில் காட்டுவதற்கோ கடல் இல்லை!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30ஐ இந்தக் கடற்கரை மறக்காது. ஒக்கி புயலில் சிக்கிய மீனவர் பலர் திரும்பி வரவில்லை. குழித்துறை ரயில் பாதையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு உட்கார்ந்து, எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள் என்று கதறினார்கள். அந்தத் துயரத்தை ஒரு தாய் காமிராவுக்கு முன் சொன்னால், அது சமூகத்தின் சாட்சியம். விளம்பர விதியின் கண்ணுக்கோ அது துயர நிகழ்வு. விளம்பரதாரர்கள் விரும்பாத விஷயம். ஆகவே விளம்பரத்தை மட்டுப்படுத்தும் மஞ்சள் நிற டாலர் குறி விழக் கூடிய விஷயம். பொய்த் துயரத்தைக் காட்டிப் பணம் பண்ணுகிறவர்களைத் தடுக்க அந்த விதி வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் மகனுக்காக அழுகிற தாயையும், பிறர் பிணத்தை வைத்து வியாபாரம் செய்கிறவனையும் ஒரே குறியால் குறிக்கிற விதியை முழுமையான விதி என்று எப்படி ஒப்புக்கொள்வது?

அன்பர்களே! குறுங்காணொளியின் கதைக்கு வருகிறேன். டிக்டாக் என்ற செயலியை நம் கிராமங்கள் எப்படி அணைத்துக்கொண்டன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று அதன் பதிவிறக்கத்துக்குத் தடை சொல்லி, அதே மாதம் 24ஆம் தேதி தடையை நீக்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது, அதுவும் போயிற்று. நாட்டின் பாதுகாப்பு பற்றிய அந்த முடிவை நான் இங்கே விசாரிக்கவில்லை. அந்த இரவோடு லட்சக்கணக்கானோர் சேர்த்து வைத்திருந்த ரசிகர் கூட்டம் கரைந்துபோயிற்று என்பதை மட்டும் பாருங்கள். பக்கத்து உடன்குடியின் ஜி.பி. முத்து அவர்களைப் போலச் சிலர் யூடியூபுக்கு வந்து புகழை மீட்டுக்கொண்டார்கள். மீட்க முடியாதவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

அந்த வெற்றிடத்தில், 2020 செப்டம்பரில், ஷார்ட்ஸ் என்ற புதிய பகுதியை யூடியூப் உலகத்திலேயே முதன்முதலாக நம் இந்தியாவில் சோதித்துப் பார்த்தது. முதலில் பதினைந்து விநாடி. பிறகு ஒரு நிமிஷம். 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிஷம். சுற்றிச் சுற்றி நாம் இசைத்தட்டின் மூன்று நிமிஷத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்! வருமானக் கணக்கும் வேறு. நீண்ட காணொளியின் விளம்பரத்தில் நூற்றுக்கு 55 பங்கு கலைஞருக்கு. குறுங்காணொளிக்கென்று ஒதுக்கிய தொகையில் 45 பங்கு. மேலும், ஷார்ட்ஸ் ஓடையில் பார்த்த நேரம் அந்த 4000 மணி நேரத்தில் சேராது; அந்த வழியாக உள்ளே வர வேண்டுமானால் தொண்ணூறு நாளில் ஒரு கோடி பார்வை வேண்டும். 2025 மார்ச் 31 முதல் ஒரு ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு பார்வை என்று எண்ணும் முறையும் வந்துவிட்டது. எண் பெருகியது, பணத்துக்கான கணக்கு பழையபடியே வேறாக நின்றது. எண்ணைப் பார்த்து மகிழ்ந்து வங்கிக் கணக்கைப் பார்த்துத் திகைத்த இளைஞருக்கு இதை யார் விளக்கிச் சொல்வார்கள்?

இந்த மூன்று நிமிஷத்தில் சுடலைமாடன் பிறக்க முடியுமா? வில்லுப்பாட்டில் ஒரு வேடிக்கைப் பேச்சு, குடம் அடிக்கிற கையின் வேகம், ஒரு சிரிப்பு, இவை அந்த அளவுக்குள் அடங்கும். கதை அடங்காது. அடங்குவதற்கே கூட்டம் என்று தெரிந்த பிறகு, இளம் பாடகர் எதைக் கற்றுக்கொள்வார்? ஆறு மணி நேரக் கதையைப் பாடம் பண்ண ஆண்டுகள் ஆகும். சிரிப்பை வரவழைக்க ஒரு வாரம் போதும். அளவுகோல் கையில் உள்ளவர், ஒரு வார்த்தையும் தடை செய்யாமலே, ஒரு கலையின் உள்ளடக்கத்தை மாற்றிவிட முடியும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

எல்லாம் இருட்டு என்று நான் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், வயல் நடுவே அடுப்பு மூட்டி, பெரியவர் பெரியதம்பி அவர்களும் அவர் பேரப்பிள்ளைகளும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களை அடைந்து, அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆயிற்று. விதி கடுமையான அதே ஆண்டில் தொடங்கி அவர்கள் வென்றார்கள். அவசரப்படாத காணொளி, ஊர்ப் பாஷை, சொந்த நிலம். அது சந்தோஷப்பட வேண்டிய வெற்றி. ஆனால் ஒருவர் வென்றதைக் காட்டி, வெல்லாதவர்கள் சோம்பேறிகள் என்று சொல்கிற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 முதல் யூடியூப் ஒரு யந்திரத்தை வைத்திருக்கிறது. ஏறுகிற ஒவ்வொரு காணொளியின் ஒலியையும் தன்னிடமுள்ள பாட்டுகளோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். நம் கொடையில் நையாண்டி மேளக்காரர் சினிமா மெட்டை வாசிப்பார். புலவரும் கதை நடுவே ஒரு சினிமா மெட்டில் பாடுவார். பந்தல் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். நாலு நிமிஷ மெட்டுக்காக ஆறு மணி நேரக் காணொளியின் வருமானத்தில் பிறர் கை வைக்க அங்கே வழி பிறக்கிறது. மறுப்புத் தெரிவித்தால், உரிமை கோரியவரே முப்பது நாள் வரை யோசித்துப் பதில் சொல்லலாம். இசையமைப்பாளரின் உரிமை புனிதமானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே பதிவு செய்கிற குழுக்கள் மெட்டுள்ள பகுதியைத் தனியாக வெட்டி வைத்துக்கொள்வதும், பந்தல் ஒலிபெருக்கியைப் பதிவு நேரத்தில் நிறுத்தச் சொல்வதும் விவேகம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. நம் கோயில்களைப் பார்த்தே அறியாத ஒரு யந்திரக் குரல், வேறு எங்கோ உள்ள கோபுரத்தைக் காட்டி, சுசீந்திரத்தின் தலபுராணம் சொல்லத் தொடங்கிவிட்டது. இப்படி மொத்தமாக உற்பத்தி செய்த காணொளிகளுக்கு வருமானம் இல்லை என்று 2025 ஜூலை 15 முதல் யூடியூப் தன் விதியைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. நான் மனமார வரவேற்கிற விதி அது. இந்த விதியை நடைமுறைப்படுத்தும்போது, ஒரே பந்தலில், ஒரே வில்லோடு, ஒரே புலவர் பத்துக் கொடையில் பாடிய பத்துக் காணொளிகளைத் திரும்பத் திரும்பச் செய்த சரக்கு என்று யந்திரம் தவறாக எண்ணிவிட்டால், அதைப் பார்த்துத் திருத்தத் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும். நம் கோரிக்கையின் சாரம் அதுவே.

கோரிக்கை என்றால் யாரிடம்? சட்டம் நமக்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. நாம்தான் இன்னும் அதன் வழியே போகப் பழகவில்லை. 2021 பிப்ரவரி 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பெரிய தளங்கள் ஒவ்வொன்றும் இந்தியாவிலேயே குடியிருக்கும் குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். தாமாக ஒரு பதிவை நீக்கினால் காரணத்தைச் சொல்லி, மறுப்புக்கு நியாயமான வாய்ப்பும் கொடுக்க வேண்டும். குறைதீர் அதிகாரியின் முடிவில் திருப்தி இல்லையானால், முப்பது நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்தின் மூலமே முறையிடலாம். 2022இல் செய்த திருத்தத்தால் பிறந்த அந்தக் குழுக்கள் 2023 மார்ச் முதல் இயங்குகின்றன. சேனல் முடங்கியது என்று தலையில் கை வைத்து உட்காருகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தனி மனிதர் எழுதுகிற விண்ணப்பத்துக்கு உள்ள பலம் குறைவு. ஜெர்மனியில் யோர்க் ஸ்ப்ராவே என்ற காணொளிக்காரர் 2018இல் யூடியூப் கலைஞர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டு, உலோகத் தொழிலாளர்களின் மாபெரும் தொழிற்சங்கமாகிய ஐ.ஜி. மெட்டால் அதனோடு கைகோத்து, விதிகளை வெளிப்படையாகச் சொல், முடிவுக்குக் காரணம் காட்டு, பேசுவதற்கு மனிதரைக் கொடு என்று கேட்டது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவைப் பெற்றெடுத்த பூதப்பாண்டி இருக்கிற மாவட்டத்துக்குச் சங்கம் என்றால் என்னவென்று ஜெர்மனிக்காரர் வந்து சொல்லித்தர வேண்டுமா? முந்திரி ஆலைப் பெண்களுக்கும் ரப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கும் சங்கம் வேண்டும் என்று உணர்ந்த மண் இது. காணொளிக்காரரும் உழைப்பாளிதான்.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று. தளத்தில் ஏற்றிய காணொளி பத்திரமாக இருக்கிறது என்று நம்பி, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவை அழித்துவிடுகிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. இதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். சேனல் போனால் இன்னொரு சேனல் தொடங்கலாம். எழுபது வயதுப் புலவர் பாடிய கதை போனால் அதை யார் திரும்பப் பாடுவது? ஒவ்வொரு கொடைக் குழுவும், ஒவ்வொரு காணொளிக்காரரும், மூலப் பதிவின் ஒரு பிரதியை வன்தட்டில் வீட்டிலும், இன்னொரு பிரதியை ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ வைக்க வேண்டும். பாடியவர் பெயர், கதையின் பெயர், கோயில், தேதி ஆகிய நான்கையும் அதோடு எழுதி வைக்க வேண்டும்.

இந்த மண்டபத்தின் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். உங்களிடம் இருக்கும் பதிவுகளின் விவரத்தையும், சேனலின் பெயரையும், தளத்தோடு உங்களுக்குத் தீராமல் இருக்கும் வழக்கு ஏதேனும் இருந்தால் அதையும் அதில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தயங்குகிற பெரியவர்கள் சொன்னால் போதும், பக்கத்தில் இருக்கும் மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். சேருகிற வழக்குகளில் முதலாவதை அடுத்த மாதமே மேல்முறையீட்டுக்கு அனுப்பலாம் என்று எண்ணியிருக்கிறோம்.